கேயாஸ் அறைக்குள் எலக்ட்ரான்: கணிக்க முடியாததைக் கணக்கிடும் வழி

காலியம் ஆர்சனைடு, அலுமினியம் காலியம் ஆர்சனைடு என்ற இரண்டு குறைக்கடத்திப் படிகங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வளர்த்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் எலக்ட்ரான்கள் ஒரு மெல்லிய தளத்தில் சிக்கிக்கொள்ளும். மேலும் கீழும் அவற்றால் நகர முடியாது. பக்கவாட்டில் மட்டும் தாராளமாக ஓடலாம். அந்தத் தளத்துக்கு மேலே சின்னச் சின்ன உலோக மின்வாய்களைப் பதித்து எதிர் மின்னழுத்தம் கொடுத்தால், அவற்றின் அடியில் இருக்கும் எலக்ட்ரான்கள் விலகிப் போய்விடும். இந்த உத்தியைக் கொண்டு எலக்ட்ரான்களைச் சுற்றி வேலி போடலாம். சுமார் ஒரு மைக்ரோமீட்டர் அகலத்தில் ஓர் அறை, உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல். இதைத்தான் குவாண்டம் புள்ளி என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் நாம் அதை அறை என்றே சொல்லிக்கொள்வோம்.

கேள்வி இதுதான்: இந்த அறை வழியாக எவ்வளவு மின்சாரம் பாயும்?

பள்ளியில் படித்த ஓம் விதி இங்கே உதவாது. சாதாரணக் கம்பியில் எலக்ட்ரான் போகும் வழியெல்லாம் மாசுகளிலும் அதிரும் அணுக்களிலும் முட்டி முட்டித்தான் நகர்கிறது. மின்தடை என்பது அந்த முட்டல்களின் மொத்த விளைவு. ஆனால் இந்தப் படிகங்கள் அவ்வளவு தூய்மையானவை. குளிர்ந்த நிலையில் ஓர் எலக்ட்ரான் பல மைக்ரோமீட்டர் தூரம் எதிலும் முட்டாமல் போகும். அறையோ அதைவிடச் சிறியது. ஆக எலக்ட்ரான் மோதுவது அறையின் சுவர்களில் மட்டும்தான். வெப்பநிலையை ஒரு கெல்வினுக்கும் கீழே இறக்கிவிட்டால், அதன் அலைத்தன்மையும் கலையாமல் நிற்கும். அதனால் எலக்ட்ரானை அறைக்குள் அலைந்து திரியும் ஓர் அலையாகத்தான் பார்க்க வேண்டும். அந்த அலையின் நீளம் சுமார் 40 நானோமீட்டர்.

அலை என்றால் மின்தடையை எப்படிக் கணக்கிடுவது? ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ரோல்ஃப் லாண்டவர் 1957-இல் ஒரு வழி காட்டினார். மின்சாரம் பாய்வது என்றால் அலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடந்து போவது. கடந்து போகும் நிகழ்தகவைச் சொல்லுங்கள், மின்கடத்துத்திறனை நான் சொல்கிறேன் என்பதே அதன் சாரம். வாசலின் அகலத்தில் எத்தனை அரை அலைநீளங்கள் அடங்குமோ அத்தனை தடங்கள் அந்த வாசலில் உண்டு. 40 நானோமீட்டர் அலைக்கு 200 நானோமீட்டர் வாசல் என்றால் 10 தடங்கள். தடையே இல்லாமல் முழுதாகத் திறந்த ஒரு தடத்தின் கடத்துத்திறன், எலக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி பிளாங்க் மாறிலியால் வகுத்தால் கிடைப்பது. மின்தடையாகச் சொன்னால் சுமார் 12.9 கிலோஓம். 1988-இல் நெதர்லாந்திலும் கேம்பிரிட்ஜிலும் இரு குழுவினர் குறுகலான ஒரு வாசலை மெல்ல மெல்ல அகலப்படுத்தி, கடத்துத்திறன் இதே அளவில் படிப்படியாக ஏறுவதை அளந்து காட்டினார்கள். இனி கடத்துத்திறனை எல்லாம் இந்த ஒரு தடத்தின் அளவையே அலகாக வைத்துப் பேசுவோம்.

வாசல் எளிது. சிக்கல் அறையில்தான் இருக்கிறது.

அறை சரியான வட்டமாக இருந்தால், உள்ளே ஓடும் பந்தின் பாதை ஒழுங்காக இருக்கும்; ஒவ்வொரு முறையும் சுவரில் ஒரே கோணத்தில்தான் மோதும். அதே வட்டத்தை நடுவில் வெட்டி, இரண்டு அரைவட்டங்களுக்கும் இடையில் நேர்ச்சுவர்களைச் செருகி விளையாட்டரங்கம் போல நீட்டிவிட்டால் எல்லாம் மாறிவிடுகிறது. ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒரே திசையில் கிளம்பிய இரண்டு பந்துகள் சில மோதல்களுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பாதைகளில் போய்விடும். இந்த வடிவம் கேயாஸ் தன்மை கொண்டது என்று கணிதப்படி நிறுவியவர் லியோனிட் புனிமோவிச். நடைமுறையில், மின்வாய்களால் போட்ட வேலி எந்த வடிவத்தில் இருந்தாலும், அது கச்சிதமான வட்டமாகவோ செவ்வகமாகவோ இல்லாதவரை, பெரும்பாலும் கேயாஸ்தான்.

எலக்ட்ரான் பந்து அல்ல, அலை. அதனால் உள்ளே நுழைந்ததும் ஆயிரக்கணக்கான பாதைகளில் ஒரே நேரத்தில் பரவுகிறது. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கட்டம் உண்டு; அதாவது, அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பது. வெளியே வரும்போது அத்தனை பாதைகளின் வீச்சுகளும் கூடியோ கழிந்தோ ஒரு குறுக்கீட்டு விளைவைத் தருகின்றன. காந்தப்புலத்தைக் கொஞ்சம் மாற்றினால் எல்லாக் கட்டங்களும் நகரும். கடத்துத்திறன் வேறோர் எண்ணுக்குத் தாவும். 1992-இல் சார்லஸ் மார்க்கஸும் அவருடைய குழுவினரும் இதை நேரடியாக அளந்தார்கள். காந்தப்புலத்தைச் சிறுகச் சிறுக ஏற்ற, கடத்துத்திறன் எந்த ஒழுங்கும் தெரியாமல் ஏறி இறங்கியது. பார்க்க அளவீட்டுப் பிழை போல இருக்கும். ஆனால் மறுபடி அளந்தால் அதே மேடு பள்ளங்கள் அதே இடங்களில் வந்து நிற்கும். அது அந்த அறையின் கைரேகை.

அந்தக் கைரேகையைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். கொள்கை அளவில் முடியும். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்த்தால் போதும். ஆனால் அதற்கு அறையின் வடிவம் அலைநீளத்தைவிட நுட்பமாகத் தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரிந்துகொள்ள வழியில்லை. தெரிந்தாலும், அதே அச்சில் செய்த அடுத்த அறைக்கு அந்த விடை பொருந்தாது. கணினி மணிக்கணக்கில் ஓடித் தரும் எண், ஒரே ஓர் அறையின் ஒரே ஒரு கணத்துக்கான எண். அதிலிருந்து இயற்பியலாக நாம் கற்றுக்கொள்வது மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

இங்கேதான் புள்ளியியல் வருகிறது. அணுக்கருக்களில் இதே போன்ற ஒரு திணறல் 1950-களில் இருந்தது. கனமான கருவில் நூற்றுக்கணக்கான ஆற்றல் நிலைகள். எதையும் தனித்தனியாகக் கணக்கிட முடியவில்லை. யூஜின் விக்னர் துணிச்சலாக ஒன்று செய்தார்: கருவின் ஆற்றல் நிலைகளைத் தரும் உண்மையான அணியை (எண்களை வரிசையும் நிரலுமாக அடுக்கிய அட்டவணையை) விட்டுவிட்டு, சமவாய்ப்பு எண்களால் நிரப்பிய ஓர் அணியை அந்த இடத்தில் வைத்தார். ஒவ்வொரு நிலையும் எங்கே இருக்கிறது என்று அந்த அணி சொல்லாது. ஆனால் நிலைகளுக்கிடையே உள்ள இடைவெளிகள் எப்படிப் பரவியிருக்கும் என்பதைச் சரியாகச் சொன்னது. ஃப்ரீமன் டைசன் 1962-இல் இந்த அணிகளை மூன்று வகையாகப் பிரித்து ஒழுங்குபடுத்தினார். அணுக்கருவைப் போலப் பல துகள்கள் வேண்டியதில்லை, கேயாஸ் உள்ள ஓர் அறையில் ஒரே ஒரு துகள் இருந்தாலும் இதே புள்ளியியல் வரும் என்று 1984-இல் போஹிகாஸ், ஜியானோனி, ஷ்மித் ஆகிய மூவரும் முன்மொழிந்தார்கள்.

நம் அறைக்குத் தேவையான அணி சிதறல் அணி. ஒரு பக்கம் 10 தடம், மறுபக்கம் 10 தடம் என்றால் அது 20 வரிசை, 20 நிரல் கொண்ட அணி. எந்தத் தடத்தில் நுழைந்த அலை எந்தத் தடத்தில் எவ்வளவு வீச்சோடு வெளியே வரும் என்பதை அதன் ஒவ்வோர் உறுப்பும் சொல்லும். இந்த அணியைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தவை இரண்டே இரண்டு. உள்ளே போன எலக்ட்ரான் எங்கும் தொலையாது, ஆக எல்லா வாசல்களிலும் வெளிவரும் நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை ஒன்று. இப்படிப்பட்ட அணியை யூனிட்டரி என்பார்கள். அடுத்து, காந்தப்புலம் இல்லாவிட்டால் ஒரு பாதையில் முன்னே போவதும் அதே பாதையில் பின்னே திரும்புவதும் சமம். அதனால் அணி சமச்சீராக இருக்கும். இந்த இரண்டுக்கும் கட்டுப்பட்ட அணிகளில் எது வேண்டுமானாலும் சம வாய்ப்போடு வரலாம் என்று வைத்துக்கொள்வதுதான் மொத்தக் கோட்பாடும். வேறு எதுவும் அதில் கிடையாது. கேயாஸ் சிதறலுக்கு இந்த அணுகுமுறை பொருந்தும் என்று ப்ளூமலும் ஸ்மிலான்ஸ்கியும் 1980-களின் இறுதியில் காட்டினார்கள். 1994-இல் ஹரால்டு பாரங்கர், பியர் மெல்லோ ஆகியோர் ஒரு பக்கமும், ஜலபேர், பிஷார், பேனக்கர் ஆகியோர் இன்னொரு பக்கமும் இதை மின்கடத்தலுக்குப் பயன்படுத்தி விடைகளை எழுதினார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

அவர்களின் முதல் விடையைப் பெரிய கணிதம் இல்லாமலே நாம் பெறலாம். இந்தத் துறைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரு பக்கமும் ஒரே ஒரு தடம் உள்ள அறை. இடப்பக்கம் நுழைந்த எலக்ட்ரான் உள்ளே பலமுறை மோதி, எங்கிருந்து வந்தோம் என்பதையே மறந்துவிடுகிறது. வெளியேற இரண்டு வாய்ப்புகள்: வந்த தடத்திலேயே திரும்பலாம், அல்லது மறுபக்கம் போகலாம். இரண்டுக்கும் சம வாய்ப்பு என்றால் கடந்து போகும் சராசரி நிகழ்தகவு 1/2. பந்துக்கு இது சரி.

அலைக்கு ஒரு திருத்தம் வேண்டும். வந்த தடத்திலேயே திரும்பும் ஒரு பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பாதையைத் தலைகீழாக நடந்தாலும், தொடக்கமும் முடிவும் அதே தடம்தான். ஆக இப்படித் திரும்பும் பாதைகள் இரட்டை இரட்டையாக வருகின்றன. இரண்டின் நீளமும் ஒன்று, கட்டமும் ஒன்று. வீச்சுகள் கூடுகின்றன: ஒன்றும் ஒன்றும் இரண்டு, வர்க்கம் நான்கு. இரண்டும் தொடர்பற்ற பாதைகளாக இருந்திருந்தால் ஒன்றின் வர்க்கமும் ஒன்றின் வர்க்கமும் கூடி இரண்டுதான் வந்திருக்கும். ஆக, வந்த வழியே திரும்பும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. மறுபக்கம் போகும் பாதைக்கு இந்தச் சலுகை இல்லை. அதைத் தலைகீழாக்கினால் வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் முடியும் வேறொரு நிகழ்வாகிவிடும். அதனோடு இதன் வீச்சைக் கூட்ட முடியாது.

இப்போது பங்குகளை எண்ணுங்கள். திரும்புவதற்கு 2 பங்கு, கடப்பதற்கு 1 பங்கு. மொத்தம் 3. கடக்கும் சராசரி நிகழ்தகவு 1/3.

சமவாய்ப்பு அணிகளின் முழுக் கணிதமும் தருவது இதே 1/3-ஐத்தான். தோராயம் அல்ல, அப்படியே.

சிறு காந்தப்புலம் ஒன்றைப் போட்டால், முன்னே போகும் பாதைக்கும் பின்னே வரும் பாதைக்கும் எதிரெதிரான கட்டங்கள் சேர்ந்துவிடும். இரட்டைப் பங்கு போய்விடும். விடை மறுபடி 1/2. இதற்கு எவ்வளவு புலம் தேவை? அறையின் பரப்பு வழியே ஒரு காந்தப்பாயக் குவாண்டம் (பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தால் வகுத்த அளவு) போகும் அளவு இருந்தால் போதும். ஒரு சதுர மைக்ரோமீட்டர் அறைக்கு அது சுமார் 4 மில்லிடெஸ்லா. எலக்ட்ரானின் பாதையை இவ்வளவு சிறிய புலம் ஏறக்குறைய வளைப்பதே இல்லை. ஆனாலும் கடத்துத்திறன் ஒன்றரை மடங்காகிறது.

இனித் தடங்களைக் கூட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் 2 தடங்கள் என்றால் வெளியேற 4 வழிகள். அதில் ஒன்றுக்கு இரட்டைப் பங்கு, மொத்தம் 5 பங்கு. கடப்பதற்கு 2 பங்கு. நுழையும் இரண்டு தடங்களையும் சேர்த்தால் கடத்துத்திறன் 4/5. புலம் போட்டால் 1. வித்தியாசம் 0.2. பக்கத்துக்கு 10 தடம் என்றால் 100/21, அதாவது 4.76, புலத்தோடு 5. வித்தியாசம் 0.238. பக்கத்துக்கு 100 தடம் என்றால் வித்தியாசம் 0.249. வாசலை எவ்வளவு அகலப்படுத்தினாலும் இந்தக் குறைவு 1/4-ஐ நோக்கிப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. அறையின் அளவு, வடிவம், எந்தப் பொருளால் ஆனது, எதுவும் இந்த விடையில் இல்லை. தடங்களின் எண்ணிக்கையும், காலம் திரும்பினால் கணக்கு மாறுமா மாறாதா என்பதும் மட்டும்தான் இருக்கின்றன.

புலம் இல்லாத அறை, புலம் உள்ள அறை என்ற இரண்டைத் தவிர, டைசன் சொன்ன மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. எலக்ட்ரானின் ஸ்பின் என்ற உள்ளார்ந்த சுழற்சிப் பண்பு அதன் ஓட்டத்தோடு வலுவாகப் பிணைந்திருந்தால் திரும்பும் பாதைகளின் குறுக்கீடு குறி மாறிவிடும்; ஒரு தடத்தில் சராசரி 2/3 ஆகும். இங்கே அதற்குள் மேலும் போகவில்லை.

சராசரியைவிடப் பரவல்தான் விஷயம்

சராசரி 1/3 என்றதும், பெரும்பாலான அறைகள் 1/3-ஐ ஒட்டி இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒற்றைத் தடத்தில், புலம் இல்லாதபோது, நிகழ்தகவின் அடர்த்தி மதிப்பின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கிறது. பூச்சியத்தை ஒட்டி அது உயர்ந்து நிற்கும். கணக்கிட்டால், சரிபாதி அறைகளில் கடத்துத்திறன் 1/4-க்கும் கீழே. பத்தில் ஓர் அறையில் அது 0.01-க்கும் கீழே, அறை ஏறக்குறைய மூடியே கிடக்கிறது. புலம் போட்டதும் பரவல் தட்டையாகிவிடுகிறது: பூச்சியத்திலிருந்து ஒன்று வரை எல்லா மதிப்பும் சம வாய்ப்பு. 0.01-க்குக் கீழே இருப்பது இப்போது நூற்றில் ஓர் அறைதான்.

தடங்கள் பெருகும்போது இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. சிதறல் அணியிலிருந்து ஒன்றோடொன்று கலக்காத இயல்புத் தடங்களைப் பிரித்தெடுக்க முடியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடப்பு நிகழ்தகவு உண்டு. சராசரி 1/2 என்பதால் எல்லாமே பாதி திறந்திருக்கும் என்று தோன்றும். உண்மையில் அவை இரண்டு ஓரங்களுக்கு ஒதுங்குகின்றன. 100 தடங்களில் சுமார் 20 தடங்களின் மதிப்பு 0.1-க்குக் கீழே; இன்னொரு 20 தடங்கள் 0.9-க்கு மேலே, 0.4-க்கும் 0.6-க்கும் இடையில் இருப்பவை 13 மட்டுமே. கதவுகளில் பல ஏறக்குறைய திறந்தோ ஏறக்குறைய மூடியோ இருக்கின்றன.

இதை எப்படிச் சோதிப்பது? கடத்துத்திறன் கூட்டுத்தொகையை மட்டுமே சொல்லும். ஆனால் மின்னோட்டத்தில் ஓர் இரைச்சல் இருக்கிறது. எலக்ட்ரான் துண்டு துண்டாக வருவதால் ஏற்படும் ஷாட் இரைச்சல் அது. முழுதாகத் திறந்த தடம் இரைச்சல் எழுப்பாது. முழுதாக மூடிய தடமும் எழுப்பாது. நடுவில் தடுமாறும் தடங்கள்தான் எழுப்பும். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் தனித்தனியாக வந்தால் எழும் இரைச்சலை 1 என்று வைத்தால், மேலே சொன்ன பரவலுக்குச் சரியாக 1/4 வர வேண்டும். 2001-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஓபர்ஹோல்சரும் அவருடைய சகாக்களும் கேயாஸ் அறையில் இந்த இரைச்சலை அளந்து வெளியிட்டார்கள். 1/4-ஓடு ஒத்துப்போனது. மாசு நிறைந்த கம்பிக்கு இதே எண் 1/3. ஆக இரைச்சலை மட்டும் கேட்டே உள்ளே இருப்பது அறையா கம்பியா என்று சொல்லிவிடலாம்.

கடத்துத்திறன் எவ்வளவு அலைபாயும் என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது. 100 தடங்களும் ஒன்றையொன்று சாராமல் தங்கள் மதிப்பை எடுத்துக்கொண்டால், மொத்தத்தின் திட்ட விலக்கம் சுமார் 3.5 ஆக இருக்க வேண்டும். சமவாய்ப்பு அணி தரும் விடை 0.35. பத்தில் ஒரு பங்கு. வாசலில் தடங்களைக் கூட்டிக்கொண்டே போனாலும் அந்த 0.35 நகராது. காரணம், இயல்புத் தடங்களின் மதிப்புகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. இரண்டு மதிப்புகள் ஒரே இடத்துக்கு வர நெருங்கினால் அதற்கான வாய்ப்பு பூச்சியமாகிவிடும். ஒன்றுக்கொன்று இடம் விட்டு, சீரான வரிசையில் நிற்பதால் மொத்தம் அதிகம் ஆடுவதில்லை. காந்தப்புலம் போட்டால் இந்த விலக்கல் இன்னும் வலுக்கும். திட்ட விலக்கம் 0.25-க்கு இறங்கும். மாசு நிறைந்த உலோகங்களில் இப்படி அளவு மாறாத அலைபாய்தல் இருப்பதை அல்ட்ஷுலர், லீ, ஸ்டோன் ஆகியோர் 1985-இல் கண்டறிந்திருந்தார்கள். அறைக்குள்ளும் அது இருக்கிறது, எண் மட்டும் சற்று வேறு.

எங்கே பொருந்தாது

இந்தக் கோட்பாடு எல்லா அறைக்கும் எப்போதும் பொருந்திவிடாது. எலக்ட்ரான் வந்த வழியை மறக்கும் அளவுக்கு உள்ளே நேரம் கழிக்க வேண்டும். வாசல்கள் அகலமாகி, நுழைந்ததும் நேரே மறுவாசலுக்குப் போய்விட்டால் சமவாய்ப்பு என்ற அனுமானமே விழுந்துவிடும். அறை வட்டமாக இருந்தாலும் விழும். 1994-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த குழு ஒன்று விளையாட்டரங்க வடிவ அறைகளையும் வட்ட அறைகளையும் ஒப்பிட்டது. பூச்சியப் புலத்தைச் சுற்றிக் கடத்துத்திறன் குறையும் அந்தப் பள்ளம், கேயாஸ் அறைகளில் லோரன்ட்ஸ் வளைவாக வழுவழுப்பாக இருந்தது; வட்ட அறைகளில் முக்கோணம் போலக் கூராக இருந்தது. அலை வடிவில் கேயாஸ் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் ஆதாரம் இந்த இரண்டு வளைவுகள்தான்.

பெரிய தடை கட்டச் சிதைவு. வெப்பநிலை ஏறும்போது எலக்ட்ரான் வெளியேறும் முன்பே தன் கட்டத்தை இழந்துவிடுகிறது. இரட்டைப் பாதைகள் கூடாமல் போகின்றன. 1/3 மெல்ல 1/2 பக்கம் நகர்கிறது, பரவலும் நடுவில் குவிகிறது. இதைக் கணக்கில் சேர்க்க மார்க்கஸ் பியூட்டிக்கர் ஓர் அழகான வழி சொன்னார்: அறைக்கு மூன்றாவதாக ஒரு கற்பனை வாசல் வைக்க வேண்டும். அதில் போகும் எலக்ட்ரான் திரும்பி வரும், ஆனால் கட்டத்தை மறந்துவிட்டு வரும். 1998-இல் ஒற்றைத் தட அறைகளில் பரவலை அளந்தபோது, இந்தக் கற்பனை வாசலையும் வெப்பத்தையும் சேர்த்த பிறகே அளவீடும் கோட்பாடும் பொருந்தின.

இவற்றையெல்லாம் நீங்களே சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு கணினி போதும். காஸ் பரவலில் எடுத்த சிக்கலெண்களால் 2 வரிசை, 2 நிரல் அணி ஒன்றை நிரப்புங்கள். கியூஆர் முறையில் (ஓர் அணியை யூனிட்டரி அணி, மேல்முக்கோண அணி என்ற இரண்டின் பெருக்கமாக எழுதும் முறை) பிரித்து யூனிட்டரி பகுதியை எடுங்கள். மற்றப் பகுதியின் மூலைவிட்ட உறுப்புகள் நேர்மமாக வரும்படி கட்டங்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும், பலர் தவறவிடும் படி இது. கிடைத்த அணி காந்தப்புலம் உள்ள அறை. அதன் நிரல்மாற்று அணியால் அதையே பெருக்கினால் கிடைப்பது சமச்சீர் அணி, காந்தப்புலம் இல்லாத அறை. மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள உறுப்பின் அளவை வர்க்கப்படுத்துங்கள், அதுதான் கடத்துத்திறன். பத்தாயிரம் முறை செய்து வரைபடம் போட்டால், முதல் அணிக்குத் தட்டையான கோடும், இரண்டாவதற்குப் பூச்சியத்தை நோக்கி எழும்பும் வளைவும் திரையில் வரும். பிறகு 20 வரிசை அணிக்குப் போங்கள். அங்கே இயல்புத் தடங்கள் ஒன்றையொன்று விலக்குவது தெரியத் தொடங்கும்.